கியர் இல்லாத வண்டியும் ஒரு வண்டியா?

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். வலது முட்டி மட்டும் நலமில்லை. படியேறும்போது அது தனியாக ஒரு சத்தம் போடுகிறது, கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். உன் வயிறு எப்படி இருக்கிறது? கண்ட நேரத்தில் கண்டதைத் தின்னாமல் இருக்கிறாயா? உன் மனைவியை நான் கேட்டதாகச் சொல். உன்னோடு குடித்தனம் நடத்துகிறவளை நான் தினமும் விசாரிக்கவேண்டும், முடியவில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது. போன தடவை குக்கர் மூடியில் ஆரம்பித்தது எங்கே போய் முடிந்தது என்று உனக்கே தெரியும். கடிதம் என்றால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டுதான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். நான் ஒரு பழைய பிக்கப் வாங்கிவிட்டேன்.

நாம் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. உருண்டையான மூக்கு, தவளைக் கண் மாதிரி விளக்கு, ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டின கியர்க் கம்பி, மூன்றே கியர். ஊருக்கு வெளியே செடி விற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று சொல்வதைவிட முளைத்திருந்தது என்று சொல்லலாம். பின்தட்டு நிறைய ரோஜாத் தொட்டிகள். ஒரு ரோஜா, தட்டின் ஓட்டை வழியாக வேர் விட்டுத் தரைக்குள் போய்விட்டது. வண்டியை இழுக்க அதை வெட்ட வேண்டியிருந்தது. செடிக்காரர் வண்டிக்காக வருத்தப்படவில்லை, ரோஜாவுக்காகக் கண் கலங்கினார்.

ஆஸ்பத்திரியில் லிஃப்டையும் ஜெனரேட்டரையும் பழுது பார்க்கிற எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பைத்தியம் வேண்டாமா? எனக்கு முன்னாலேயே பைத்தியம் பிடித்தவர்கள் மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். எல்லோரிடமும் பழைய பிக்கப் இருக்கிறது. ஒருவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைத் தொட்டாலும் "மெதுவா, மெதுவா" என்பார், அதனால் அவர் பெயரே மெதுவா. இன்னொருவர் பல் டாக்டர். மூன்றாவது, கணக்கு டீச்சர். ரொட்டிக் கடைக்குப் பின்னால் இருக்கிற பழைய கிடங்குதான் எங்கள் ஷெட். உள்ளே கிரீஸ் வாடை, வெளியே ரொட்டி வாடை. பசியோடு போனால் எது எதுவென்று தெரியாது.

நவம்பர் கடைசி ஞாயிறு எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏரிவரைக்கும் போவார்கள். நான் சரிசெய்கிறேன், நீ வந்து ஓட்டு. குவாரியில் பாறை லாரி ஓட்டுகிறவனுக்கு இது பொம்மை வண்டி. சரியா?

பதிலை எதிர்பார்த்து,
அக்கா


மார்ச் 2

என் அருமை அக்காவுக்கு,

வயிறு நலம், மனைவி நலம், நான் அதைவிட நலம். உன் முட்டிக்கு எண்ணெய் தடவு. வண்டிக்குத் தடவுவதில் கொஞ்சம் மிச்சம் பிடி.

உன் கடிதத்தை இவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்றாள். "இப்பத்தான் எல்லாம் சரியாச்சு" என்றேன்.

இஞ்சின் இறுகிக் கிடந்தால் சுத்தியலால் தட்டாதே. பிளக்கைக் கழற்று, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்று, ஊறட்டும். நாள்கணக்காக ஊறட்டும். அப்புறம் நீளக் கம்பி போட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டு. தம்பி சொன்னான் என்று அந்த மெதுவாவிடம் சொல். ஆள் யாரென்று தெரியாமலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

நான் வருவேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. பழைய வண்டி பழைய வண்டியாகவே இருக்கவேண்டும். அந்த மூன்று கியரில் கை வைக்காதே. பிரேக்கை மாற்றுகிறேன், பேட்டரியை மாற்றுகிறேன் என்று ஆரம்பிக்காதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், சும்மா இருக்கிற ஃபேனையும் கழற்றுகிறவள் நீ. கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும்போது பல்லோடு பல் சத்தமில்லாமல் சேருகிறது பார், அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் டிரைவர் ஆனேன். குவாரி லாரியில் சாய்வில் சுமையோடு நின்று ஏற்றுவேன், பின்னால் ஒரு விரல்கடை உருளாது. இங்கே எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

வண்டியை விற்றுவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

இருவரும் சுகம்தானே? எனக்கு முட்டியோடு இப்போது இடுப்பும் சேர்ந்துகொண்டது. வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தால் யாராவது கை கொடுத்துத் தூக்கவேண்டியிருக்கிறது.

இஞ்சின் சுற்றிவிட்டது!

நீ சொன்னபடியே ஊற வைத்தோம். போன ஞாயிறு மெதுவா நீளக் கம்பியைப் பிடித்தார். "மெதுவா... மெதுவா..." என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். 'டக்' என்று ஒரு சத்தம். "போச்சு, ஒடிஞ்சு போச்சு!" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒடியவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டது. மெதுவா ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, கம்பியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, ஓடிப்போய் ரொட்டிக் கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததேயில்லை.

காற்று வடிகட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. சீட்டுப் பஞ்சும் கிழிந்த காகிதமும். டீச்சர் ஒரு துண்டை எடுத்துப் படித்துப் பார்த்து, "இதுல எழுத்துப் பிழை இருக்கு" என்றார். கார்புரேட்டரை டாக்டர் எடுத்துக்கொண்டார். மெல்லிய துளைகளைச் சுத்தம் செய்ய அவரிடம் இருக்கிற ஊசிகள் வேறு யாரிடமும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் "வலிச்சா கை தூக்குங்க" என்றார்.

இனி நீ கோபப்படுகிற பகுதி. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடப்போகிறேன். பழைய டிரம் பிரேக் மலை இறக்கத்தில் சூடாகிக் கைவிட்டுவிடும், உனக்கே தெரியும். ஆறு வோல்ட் பேட்டரியையும் பன்னிரண்டாக்கப் போகிறேன். இப்போது எரிகிற வெளிச்சத்துக்குத் தீக்குச்சி கிழித்துப் பிடிக்கலாம். கியரைத் தொடமாட்டேன். திட்டுவதானால் பக்கம் பக்கமாகத் திட்டு, படிக்க நேரம் இருக்கிறது.

அக்கா


ஜூன் 1

தம்பிக்கு,

சௌக்கியமா? திட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து எனக்கே அலுத்துவிட்டது. ஒரு பிரேக்குக்காக இத்தனை நாள் கோபமா? போன் செய்தேன். உன் மனைவி எடுத்து, "அவர் வேலையா வெளியூர் போயிருக்கார் அண்ணி, வந்ததும் பேசச் சொல்றேன்" என்று சொல்லி, நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட்டாள். அவள் அப்படி வைக்கிறவள் இல்லை. என்னோடு பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்குவதே தெரியாமல் பேசுகிறவள்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. புகை ஷெட்டை நிரப்பி, ரொட்டிக் கடைக்குள் போய், அன்றைக்குச் சுட்ட ரொட்டி முழுக்க பெட்ரோல் புகை வாசனை. கடைக்காரர் எங்களைத் துரத்துவார் என்று நினைத்தோம். மாவுக் கையோடு வந்து நின்று, இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்னொரு தரம் ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்றார்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

டிஸ்க் பிரேக் போட்டது நல்லதுதான். பன்னிரண்டு வோல்ட்டும் நல்லதுதான். உனக்குச் சரி என்று படுவதைச் செய்.

இங்கே என்னை லாரியிலிருந்து எடுத்து எடைமேடையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வருகிற லாரிகளின் எடையைப் பார்த்து எழுதுகிற வேலை. நிழல். வீடும் மாற்றிவிட்டோம், தரைத்தளம். இவளுக்குத் தோட்டம் போட இடம் இருக்கிறது.

நவம்பரில் லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை. எனக்காகக் காத்திருக்காதே, நீயே ஓட்டு. அந்த வண்டியின் கிளட்ச் ரொம்பக் கடினமா? மிதிக்க நல்ல பலம் வேண்டுமா? சும்மாதான் கேட்டேன்.

இஞ்சின் ஸ்டார்ட் ஆனதில் சந்தோஷம்.

தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

நீ நலமா? புது வீடு வசதியாக இருக்கிறதா? இதை உன் பெயருக்கு, உன் தையல் வகுப்பு விலாசத்துக்கு அனுப்புகிறேன். அவன் கையில் கிடைக்கவேண்டாம்.

அவன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். டிஸ்க் பிரேக் நல்லது என்கிறான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவன் நல்லது என்று சொன்னதில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை, தரைத்தள வீடு, கிளட்ச் மிதிக்கப் பலம் வேண்டுமா என்று ஒரு கேள்வி. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

சொல்லக்கூடாது என்று உன்னிடம் வாக்கு வாங்கியிருப்பான். மீற வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. எந்தக் கால்?

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தை வகுப்பிலேயே படித்து, அங்கேயே அழுது, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமாவது சொல்ல முடியாதா என்று இருந்தது.

இடது கால்.

ஏப்ரல் கடைசியில் லாரியிலிருந்து பாறை சரிந்தது. கணுக்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். நடக்கிறார், ஊன்றுகோலோடு நன்றாகவே நடக்கிறார். ஆனால் பாதம் மடங்காது, அழுத்த முடியாது. வலது காலுக்கு ஒன்றும் இல்லை. கிளட்ச் இல்லாத வண்டியைத் தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். இவர், "கியர் இல்லாத வண்டியும் ஒரு வண்டியா?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு வண்டிப் பேச்சே எடுப்பதில்லை. சாலைப் பக்கம் இருக்கிற ஜன்னலைச் சாத்தியே வைக்கிறார். உங்கள் கடிதங்களை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

நான் எதுவும் சொல்லவில்லை, அண்ணி. நீங்களும் எதுவும் கேட்கவில்லை. உங்கள் முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவி


செப்டம்பர் 7

தம்பிக்கு,

நலம்தானே? எடைமேடை வேலை நன்றாக இருப்பதில் சந்தோஷம். வெயிலில் வறுபட்டது போதும்.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. உனக்குக் கோபம் வரும், வரட்டும். அந்த மூன்று கியரைக் கழற்றிவிட்டோம். நொறுங்கிப்போன ஒரு டாக்சியிலிருந்து தானியங்கிக் கியர்ப்பெட்டி கிடைத்தது. அதைப் போடுகிறோம். எல்லாம் என் முட்டியால் வந்த வினை. கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி வீங்கிவிட்டது. வயசாகிறதே, என்ன செய்ய?

வேலை லேசில்லை. பழைய இஞ்சினும் புதுப் பெட்டியும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் ஓர் இரும்புத் தகடு அறுத்து வைத்து, துளைகளைப் பொருத்தவேண்டியிருந்தது. டீச்சர் அளவெடுத்து வரைந்து கொடுத்தார். புதுப் பெட்டி நீளம், அதனால் பின்சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வெட்டிக் குட்டையாக்கினோம். பெட்டியின் எண்ணெய் சூடாகாமல் இருக்க ரேடியேட்டருக்குக் குழாய் இழுத்தோம். கிளட்ச் மிதி இருந்த ஓட்டையை நானே தகடு வைத்துப் பற்றவைத்து மூடிவிட்டேன். இப்போது கீழே இரண்டே மிதி. வலது காலுக்கு மட்டும் வேலை. இடது கால் சம்பளத்தோடு லீவில் போகலாம்.

உனக்கு நவம்பரில் லீவு கிடைத்தால் வந்து பார். கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

உன் மனைவியையும் அவள் தோட்டத்தையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


அக்டோபர் 5

அக்காவுக்கு,

உனக்கு வலி எடுக்கிற முட்டி வலது முட்டி.

பிப்ரவரியில் நீயே எழுதியிருக்கிறாய். கிளட்ச் இடது காலில் இருக்கிறது. பொய் சொல்வதானால் எந்தப் பக்கம் என்றாவது பார்த்துச் சொல்லக்கூடாதா?

இவளைக் கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலை, அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க, ஒரு வார்த்தை எழுதினேன்" என்றாள். ஒரு வார்த்தையாம்! நான் கத்தினேன். அவளும் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "எல்லாம் சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நான் ஓட்டின பாதையில் இப்போது வேறொருவன் ஓட்டுகிறான். ஜன்னலுக்கு வெளியே சாய்வில் வந்து நிற்கும்போது அவன் கியர் கரகரவென்று கத்துகிறது. எனக்குப் பல் கூசுகிறது. எழுந்து போய் எதையும் சொல்ல முடியவில்லை. எடையை எழுதிவிட்டு "அடுத்து" என்கிறேன். உன் கடிதங்களில் மட்டும் நான் இன்னும் டிரைவராக இருந்தேன். அதையும் எடுத்துவிட மனசு வரவில்லை.

இப்போது எனக்காக அந்த நல்ல வண்டியைக் கெடுத்து வைத்திருக்கிறாய். நான் உன்னிடம் கேட்டேனா? உன் கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்து, பாவம் தம்பி என்று உச்சுக்கொட்டியிருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். நான் வரவில்லை. வண்டியை நீயே வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வலது முட்டியை.

தம்பி


அக்டோபர் 14

டேய்,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. நீ சொல்வது எதையும் இனி நம்புவதாக இல்லை.

ஒடிந்த கால்களை மாடிக்கும் கீழுக்கும் ஏற்றி இறக்குகிற லிஃப்டைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஊரில் இருக்கிற அத்தனை கால்களும் எனக்குத் தெரியும். என் தம்பி கால் மட்டும் எனக்குத் தெரியக்கூடாது, அப்படித்தானே? நான் பயந்த பயம் உனக்குத் தெரியாது. 'எந்தக் கால்' என்று எழுதினேனே, எழுதும்போது, ஒரு கால்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. வரட்டும், நேரில் வா, அடிக்கிறேன்.

ஷெட்டில் உச்சுக்கொட்டினார்கள் என்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன், கேள். கியர்ப்பெட்டியை மாற்றவேண்டும் என்றேன். மெதுவா குதித்தார். "ஏம்மா, கியரைப் பிடுங்கிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு? அதுக்கு உங்க லிஃப்ட்டையே ஓட்டிட்டுப் போகலாமே!" என்றார். நீ கேட்டிருந்தால் அவரைக் கட்டிக்கொண்டிருப்பாய். அப்புறம்தான் உன் காலைப் பற்றிச் சொன்னேன். ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை. மெதுவா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கோபம் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு அவர் பிக்கப்பின் பின்தட்டில் அந்த டாக்சிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. எங்கே பிடித்தார் என்று இன்னும் சொல்லவில்லை. "கண்ணு சரியில்லைன்னு என்னையும் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் நான் பஸ் போற ரோட்டுல நடக்கவே இல்ல. கண்ணாடி மாட்டி, இந்தச் சின்ன வண்டிக்கு லைசென்ஸ் வாங்கினதுக்கு அப்புறந்தான் மூச்சே வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். உடனே ஸ்பானர் கேட்டார்.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஏற்றத்தில் வண்டி ஓட்டப் பயம். சமதரையில் ராணி மாதிரி ஓட்டுவேன். மேடு என்றால் சுற்றுப்பாதையில் போய்விடுவேன். போன வாரம் ரொட்டிக் கடைச் சரிவில் ஏற்றிப் பார்த்தேன். பாதியில் பதறிப்போய்க் கியர்க் கம்பியை எங்கேயோ தள்ளினேன். வண்டி பின்னால் உருண்டு, ரொட்டித் தட்டுகள் மேல் ஏறிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கு ஊருக்கே தட்டை ரொட்டிதான். இதுதான் உண்மை. 'நீ வந்து ஓட்டு' என்று பிப்ரவரியில் எழுதியது உனக்காக இல்லை, எனக்காக.

அதனால் பரிதாபம் அது இது என்று பெரிய பேச்சுப் பேசாதே. எனக்கு ஒரு டிரைவர் வேண்டும். நீ வராவிட்டால் டீச்சர் ஓட்டுகிறேன் என்கிறார். அவர் இரண்டு காலையும் வைத்து ஓட்டுகிறவர். ஒரு கால் ஆக்சிலேட்டரில், ஒரு கால் பிரேக்கில், இரண்டையும் ஒன்றாக மிதிப்பார். உன் இஷ்டம்.

அக்கா


நவம்பர் 2

அக்கா,

டீச்சரை அந்த வண்டிப் பக்கம் விடாதே.

உரிமத்தில் 'கிளட்ச் இல்லாத வண்டி மட்டும்' என்று முத்திரை குத்திக்கொண்டு வந்தேன். சோதனைக்கு வந்த அதிகாரி, "புதுசா கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மலையேறும் வாரம், வெள்ளிக்கிழமை வருகிறோம். அந்தப் பெட்டியின் எண்ணெய்க் குழாயை எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் இழுத்திருந்தால் இப்போதே மாற்று, ஏற்றத்தில் வெந்துவிடும். கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு எங்களுக்குத் தரைத்தளத்தில் படுக்கை போடு.

நலம்.

தம்பி


டிசம்பர் 7

என் அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நான் நலம், இவளும் நலம். உன் முட்டிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா? பல் டாக்டரைச் சொல்லவில்லை, முட்டி டாக்டரை.

உன்னிடம் ஒரு விளக்கம் பாக்கி இருக்கிறது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்ல வாய் வரவில்லை.

நீ பல் டாக்டர் வண்டியில் எனக்குப் பின்னால் வந்தாய், அதனால் எங்கள் வண்டிக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. முதல் வளைவில் என் இடது கால் தானாகப் போய்த் தகட்டை மிதித்தது. நீ பற்றவைத்து மூடினாயே, அந்தத் தகட்டை. சுரீர் என்றது. இரண்டாவது வளைவில் மறுபடியும். இவள் என் தொடையில் கை வைத்து அழுத்திக்கொண்டு, "அதைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்றாள். "சொன்னா கேக்குதா?" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அது கேட்டது. ஏற்றத்தின் நடுவில் மெதுவா நின்றுவிட்டார் அல்லவா? அவருக்குப் பின்னால் நானும் நின்று, சரிவிலேயே மறுபடியும் கிளப்பினேன். பின்னால் உருளவில்லை. கியர் மாறுவதே தெரியவில்லை, அக்கா. நான் இத்தனை வருஷம் செய்ததை அந்தப் பெட்டி தானாகச் செய்கிறது. முதலில் அதன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. ஏழெட்டு வளைவு போனதும், "பரவாயில்லையே, உனக்கும் வேலை தெரியுதே" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டே சொன்னேன். வண்டியில் இருந்த ஒரே குறை, பிரேக் கொஞ்சம் இடதுபக்கம் இழுக்கிறது. அதைப் பற்றித் தனியாகத் திட்டி எழுதுகிறேன்.

உச்சிக்கு வந்தோம். ஏரிக்கரையில் எல்லா வண்டிகளும் வரிசையாக நின்றன. படம் எடுக்கிறவர் கையை ஆட்டி, இங்கே நிறுத்து என்றார். நான் நிறுத்தவில்லை. நீ வண்டியிலிருந்து இறங்கி இரண்டு கையையும் ஆட்டிக் கத்தியதைக் கண்ணாடியில் பார்த்தேன். இவள், "எங்க போறீங்க?" என்றாள். "தெரியல" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மலையின் அந்தப் பக்கம் இறங்கினோம். கீழே ஓர் ஊர் வந்தது, தாண்டினோம். இன்னொன்று வந்தது. பெட்ரோல் போடுகிறவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "யார் செஞ்சது?" என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். நம்பவில்லை. அப்புறம் திரும்பினோம். நீங்கள் எல்லோரும் சாப்பிடாமல் ஏரிக்கரையில் காத்திருந்தீர்கள். மெதுவாவே, "சீக்கிரம் வாங்கப்பா" என்று சத்தம் போட்டார். நீ என் சட்டையைப் பிடித்து, "எங்கடா போனே?" என்று கேட்டாய். நான், "சும்மா" என்றேன். நீ முறைத்தாய்.

ஏப்ரலிலிருந்து நான் போன இடத்துக்கெல்லாம் யாரோ ஒருவர் என்னைக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ், டாக்சி, கம்பெனி வேன். எங்கே போகணும் என்று கேட்பார்கள், சொல்வேன், இறக்கிவிடுவார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் காரணம் இல்லாமல் யாரையும் கூப்பிட முடியாது. ஆஸ்பத்திரி, வேலை, வீடு என்று ஏதாவது ஓர் இடத்தின் பெயர் சொன்னால்தான் சக்கரம் சுற்றும். அன்றைக்கு அந்த உச்சியில் எனக்கு முன்னால் ரோடு இருந்தது, கையில் ஸ்டீயரிங் இருந்தது, என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதனால் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரிதான், அக்கா. சும்மாதான் போனேன். சும்மா போய் எத்தனை நாளாயிற்று!

உன் அன்புத் தம்பி